பாட்டுக்குப் பரிசு

எந்த வரன் வந்தாலும் தட்டிக்கழிக்கும் யாமினி, இந்த ஜாதகத்தை மட்டும் தானே வாங்கிவரச் சொன்னாள். அம்மா கோமதிக்குத் தலைகால் புரியவில்லை. பெண் பார்க்க வரும் நாளில் பவானிபூர் வீடு சந்தேஷ் இனிப்பும் பஜ்ஜியுமாக மணத்தது.

"அழகிப் போட்டியில ஜெயிச்சவ. இப்போ டிவியில நியூஸ் ரிப்போர்ட்டர். பாட்டும் முறையா கத்துண்டிருக்கா" என்றாள் கோமதி.

"எங்கே, ஒண்ணு பாடும்மா" என்றார் பையனின் அப்பா. மேம்பாலங்கள் கட்டும் சீஃப் இன்ஜினியர்.

பட்டுப்புடவையில் யாமினி கல்யாணியை இழைத்து இழைத்துப் பாடினாள். மனிதர் கரைந்தே போய்விட்டார்.

"பேஷ்! உனக்கு என்ன வேணும்னாலும் கேளும்மா!"

யாமினி சுருதிப்பெட்டிக்குப் பின்னாலிருந்து மைக்கை எடுத்து நீட்டினாள்.

"புதுப் பாலம் ஏன் விரிசல் விட்டது, சார்? எத்தனை தடவை போன் பண்ணியும் நீங்க எடுக்கவே இல்லை. அதான் உங்க பையன் ஜாதகத்தைக் கேட்டேன்."