இரண்டாவது வரி

“உங்க வீட்டுக்காரம்மா இன்னும் உங்களை வீட்டுக்குள்ள சேர்க்கிறாங்களே, அதைத்தாங்க ஜோக்காப் போடணும்” என்றார் உதவி ஆசிரியர், வந்தவரை உட்காரச் சொல்லாமலே.

வந்தவர் அந்த வார இதழின் நகைச்சுவைப் பக்கத்தில் ‘சுரீர்’ என்ற பெயரில் எழுதுபவர். பல வருஷமாக ஒரே சரக்கு. கணவன் ஒரு வரி பேசுவான், மனைவி மறுவரியில் அவன் மூக்கை உடைப்பாள்.

கட்டிய மனைவியை வாயாடி ஆக்கி வாராவாரம் ஊருக்குக் காட்டுகிற மனிதர்மேல் உதவி ஆசிரியருக்குத் துளியும் மரியாதை இல்லை. நடுவில் கொஞ்ச நாள் ஆளைக் காணோம் என்றதும் நிம்மதியாகக்கூட இருந்தது.

“இத்தனை வருஷத்துல ஒண்ணே ஒண்ணுதான் தேறும். ‘என் ஜோக்கைப் படிச்சு ஊரே சிரிக்குது’ன்னு புருஷன் பீத்திக்கிறான். ‘அதான் எனக்கும் கவலையா இருக்கு’ங்கிறா அவ. ஜோக் எழுதறவனையே ஜோக்காக்கினீங்க பாருங்க, அன்னிக்கு ஆபீஸே சிரிச்சுது.”

சுரீரின் முகம் மலர்ந்தது. “அது நல்லாச் சொன்னது சார்.”

தன்னைத் தானே மெச்சிக்கொள்கிற ஜென்மம் என்று நினைத்தபடி உதவி ஆசிரியர் அவர் கொண்டுவந்த தாள்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் உதடு கோணியது.

“இது என்னங்க? கணவர்: ‘என் கண்ணாடியைப் பார்த்தியா?’ சரி. கீழே மனைவின்னு போட்டு ரெண்டு புள்ளி. அப்புறம் ஒண்ணுமே காணோம்!”

சுரீர் அந்தக் காலி இடத்தையே பார்த்தார்.

“அடுத்தது. ‘இந்தச் சட்டை எனக்கு நல்லா இருக்கா?’ காலி. இதோ இன்னொண்ணு, ‘விளக்கை அணைச்சிடவா?’ அதுவும் காலி. இது ஜோக்கா, கேள்வித்தாளா? விடையை வாசகர் எழுதி அனுப்பணுமா?”

பக்கத்து மேஜையில் ஓவியர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். “அண்ணே, நான் படத்தையாவது முடிச்சிடறேன். வீட்டுக்காரம்மா வாய் திறந்திருக்கணுமா, மூடியிருக்கணுமா?”

“மூடியே இருக்கட்டும் தம்பி.”

“அட! அந்த வாயை மூடி நான் வரைஞ்சதே இல்லையே. வீட்டுல சண்டையா?”

“சண்டை போட்டாத்தான் இவருக்குச் சரக்கு கிடைச்சிருக்குமே” என்றார் உதவி ஆசிரியர். “பேரு மட்டும் சுரீர். கொசு கடிச்சாக்கூட இதைவிட உறைக்கும். அடுத்த இதழ்லேர்ந்து உங்க இடம் ‘குபீர்’க்குப் போகுது. அந்தப் பையன் வரிக்கு வரி கடிக்கிறான், ஆனா முழுசாக் கடிக்கிறான்.”

சுரீர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “இடத்தை மட்டும் எடுத்துடாதீங்க சார். சின்ன மூலையாப் போதும். எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்.”

“ஏன், வீட்டுல பேச ஆளில்லையா?” உதவி ஆசிரியர் தாள்களை அவர் பக்கம் தள்ளினார். “இதப் பாருங்க. முதல் வரியை எந்த முட்டாளும் எழுதுவான். ஜோக்கே ரெண்டாவது வரியிலதான் இருக்கு. நீங்க பாதியை எழுதிட்டு வந்து பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க.”

சுரீர் பல்லைக் காட்டவில்லை. தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து, மறுபடி அடுக்கினார்.

“மிச்சத்தை யாரு எழுதுவா? உங்க பொண்டாட்டியா?”

ஓவியர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை சுரீர் காத்திருந்தார்.

“இருந்தவரைக்கும் அவதான் சார் சொன்னா.”