தையல்சிட்டின் வீட்டுப்பாடம்

பிள்ளையின் வீட்டுப்பாடத்தை முடிப்பதில் பிள்ளையைவிட நமக்கு ஏன் இத்தனை அவசரம்?

இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டின் குஞ்சு மின்னி, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தது. இலையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து ஒரே ஒரு தையல் போட்டு வரும்படி ஆசிரியர் சொல்லியிருந்தார். மின்னி முயன்றது. நார் நழுவியது, இலை கிழிந்தது. தாய்ச்சிட்டுக்குப் பொறுக்கவில்லை. "கொடு இப்படி!" என்று பிடுங்கி, வரிசையாகத் தைத்து, ஓரத்தில் பூவேலையும் செய்து முடித்தது.

எதிர்க்கிளைச் செம்போத்து சிரித்தது. "அருமை அக்கா! இந்த வருடம் வகுப்பில் நீங்கள்தான் முதல்!"

"போ தம்பி, பெற்ற பிள்ளைக்கு உதவுவதும் குற்றமா?" என்று தாய்ச்சிட்டு சிலிர்த்துக்கொண்டது.

மறுநாள் மாலை மின்னி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. "உன் தையலை ஆசிரியர் மெச்சினார், அம்மா. எல்லோர் முன்னாலும் இன்னொன்று போடச் சொன்னார். எனக்கு வரவில்லை. நாளைக்கும் கேட்பாராம்."

தாய்ச்சிட்டின் அலகு, தன்னையறியாமல் அடுத்த இலையை நோக்கி நீண்டது. மின்னி சட்டென்று அந்த இலையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இதை நான்தான் தைப்பேன். கிழிந்தாலும் திட்டாமல் பக்கத்தில் மட்டும் இரு, அம்மா. இருட்டுவதற்குள் இன்றைக்கே தொடங்கிவிடலாம், வா!"