பிரிட்டிஷா, அமெரிக்கனா?

செஞ்சியிலிருந்து கடலை எண்ணெய் ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. ஆங்கில மெயில்களை இனி மகாலட்சுமியோடு ஜெயசுதாவும் எழுதுவதாக ஏற்பாடு. இருவர் எழுத்தும் ஒன்றுபோல் இருக்க ஒரு ஸ்டைல் கைடு, அதாவது ஆங்கில நடைக்கான விதிப் புத்தகம், வேண்டும்; பிரிட்டிஷ் முறையிலும் கிடைக்கும், அமெரிக்கன் முறையிலும் கிடைக்கும்.

“பிரிட்டிஷே இருக்கட்டும்க்கா. அண்ணன் அப்பிடித்தான எழுதுவாரு?” என்றாள் ஜெயசுதா.

“வேணாம். அமெரிக்கன் வாங்கு.”

ஜெயசுதாவுக்குச் சுருக்கென்றது. முன்பு அந்த மெயில்களை எழுதிவந்த மகாலட்சுமியின் கணவர் அறிவுமதி இறந்து வருஷம்கூடத் திரும்பவில்லை.

“அவரு நடைய அதுக்குள்ள மாத்தணுமா? நீங்களே அதே மாதிரிதான எழுதிக்கினு இருந்தீங்க?”

“ஆமா, அச்சு அசலா எழுதுனேன். மெயிலுக்குக் கீழ கம்பெனி பேருதான போவுது? எண்ணெ வாங்குறவங்க அவருதான் எழுதுறாருன்னு நெனச்சிக்கினு பதில் போடுறாங்க. ‘உடம்பு தேவலையா அறிவு?’ன்னு கேக்குறாங்க.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“ஆர்டர் போயிடுமோன்னு பயம். தேவலைன்னு எழுதிட்டேன்.”



மகாலட்சுமி கம்ப்யூட்டரை ஜெயசுதா பக்கம் திருப்பினாள். “புது முறையில மொத மெயில நீயே போடு, அவரு போயிட்டாருன்னு. எனக்கு அவரு நடைதான் வருது. அதுல அத எப்பிடி எழுதுறது?”