எதிரிக்குப் பாதி இடம்

"அணைக்காதே! அந்த லேப்டாப்பைத் தொடாதே!"

தலைவர் தக்கின் கூச்சலில் மிரானின் கையிலிருந்த பார்லித் தேநீர் தளும்பியது.

"தொடாம எப்படி விண்டோஸ் போடறது தலைவரே?"

"நம்ம சங்கத்து லேப்டாப்புல பன்னாட்டு முதலாளியோட விண்டோஸா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது!"

தென்கொரியாவின் இஞ்சியோன் பார்சல் கிடங்குத் தொழிலாளர் சங்கம் அது. மிரான் அதன் செயலாளர். மேசை மேல் இருந்தது புது லேப்டாப். ஒரு வாரம் தன் வீட்டில் வைத்திருந்துவிட்டு, "விண்டோஸைச் சுத்தமாத் துடைச்செறிஞ்சுட்டேன். இனி முதலாளியே இல்லாத லினக்ஸ்தான்" என்று சொல்லி, இன்று காலைதான் ஓடிக்கொண்டிருந்தபடியே கொண்டுவந்து வைத்தார் தலைவர்.

மூலையில் மான்ஹோ, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிடங்கின் கன்வேயர் பெல்ட் இரண்டு விரல்களைத் தின்றுவிட்டது. உன் கவனக்குறைவு என்று சொல்லி இழப்பீட்டு அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டைச் சங்கத்தின் மின் கையெழுத்தோடு இணையத்தில்தான் அனுப்ப வேண்டும். இன்று மாலை ஆறு மணியோடு கெடு முடிகிறது. அந்த அலுவலகத்தின் தளமோ விண்டோஸைத் தவிர வேறு எதையும் சீந்தாது.

"பாதி வட்டை விண்டோஸுக்குக் கொடுப்போம். மீதி லினக்ஸுக்கு. லேப்டாப்பைப் போடும்போது எது வேணும்னு அதுவே கேட்கும். மான்ஹோ அண்ணன் வேலை முடிஞ்சதும் நீங்க அந்தப் பக்கமே போக வேண்டாம்."

"எதிரிக்கு வீட்டுல பாதி இடமா? அதுக்குப் பேரு சமரசம். நான் போராட்டத்துல தடியடி வாங்கினப்ப நீ பால் குடிச்சிட்டிருந்தே."

"சரி, குடிச்சேன். இப்ப அண்ணனுக்கு என்ன வழி?"

"விர்ச்சுவல் மெஷின்! லினக்ஸுக்குள்ளயே ஒரு கூண்டு கட்டி விண்டோஸை அதுல அடைச்சிருக்கேன். வேலை வாங்கு, பூட்டு. கைதிக்கு அவ்வளவுதான் மரியாதை."

மிரான் கூண்டைத் திறந்தாள். தளம் வந்தது. மான்ஹோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தளத்தின் பாதுகாப்பு நிரல் உள்ளே இறங்கி மோப்பம் பிடித்தது. 'மெய்நிகர் கணினியில் அனுமதி இல்லை' என்று சொல்லி எல்லாவற்றையும் மூடிவிட்டது. மறுபடி திறந்தாள். மறுபடியும் அதே.

"பார்த்தியா அராஜகத்தை!" தலைவர் மேசையைக் குத்தினார். "'வளையா மூங்கில்'னு என் புனைபேரைப் போட்டு நாளைக்கே ஒரு துண்டறிக்கை விடறேன்!"

"நாளைக்கா?" என்றார் மான்ஹோ.

"கீழே வாடகைக்குக் கணினி விடற பிசி கடை இருக்கே தலைவரே..." என்றாள் மிரான்.

"சங்கத்தோட மின் கையெழுத்தை ஊரான் கணினியில போடறதா? எவனாவது திருடினா சங்கமே போச்சு."

அது நியாயம்தான் என்று மிரானுக்கும் பட்டது.

"அப்ப பாதி வட்டுதான். வேற வழி இல்ல."

"கூடாது! மான்ஹோ, நீயே சொல்லு. கொள்கை பெரிசா, ரெண்டு விரல் பெரிசா?"

மான்ஹோ தன் கட்டைப் பார்த்தார்.

மிரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க பத்து விரலும் பத்திரமா இருக்குல்ல, பேசுவீங்க!"

விண்டோஸ் பென்டிரைவை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள்.

"அணைக்காதேன்னு சொன்னேனே!" தலைவர் பாய்ந்து வந்தார். அதற்குள் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்து நின்றன.

லினக்ஸ். விண்டோஸ். எது வேண்டும்?

பென்டிரைவ் இன்னும் செருகப்படாமல் மிரானின் கையிலேயே இருந்தது. தலைவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சன்னல் வழியே துறைமுகத்துக் கிரேன்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

இரண்டாவது வரியை அழுத்தினாள். விண்டோஸ் வந்தது. கூடவே திரை முழுக்க, இணையத்தில் இருவர் ஆடும் பாதுக் ஆட்டத்தின் பலகையும் விரிந்தது. கறுப்புக் காயும் வெள்ளைக் காயுமாகப் பாதி ஆட்டம். அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தளத்தைத் திறந்தாள், கையெழுத்திட்டாள், அனுப்பினாள். ஆறு அடிப்பதற்குள் 'பெறப்பட்டது' என்று பதில் வந்துவிட்டது.

தளத்தை மூடியதும் அடியில் அந்தப் பலகை அப்படியே இருந்தது. எதிராளி ஒரு வரி எழுதியிருந்தார்: 'வளையா மூங்கில் அவர்களே, உங்கள் முறை. காலையிலிருந்து காத்திருக்கிறேன்.'

மான்ஹோ எழுந்தார். கட்டுப் போட்ட கையாலேயே லேப்டாப்பைத் தலைவர் பக்கம் தள்ளினார்.

"உட்காருங்க தலைவரே, என் வேலை முடிஞ்சிடுச்சு. பாவம், அவரை எவ்வளவு நேரம்தான் காக்க வைப்பீங்க?"