ஒண்டுக்கும் உதவாத பெடியன்

“ஒருத்தரும் வாய் தடுமாறக் கூடாது. என்ர மகன் ஒண்டுக்கும் உதவாதவன். விளங்கிச்சோ?” என்றார் நமசிவாயம்.

மனைவி அன்னபாக்கியமும் மேல்வீட்டுக்காரன் பற்றிக்கும் தலையாட்டினார்கள். வெள்ளவத்தையில் பொலிஸ் தமிழ்ப் பெடியன்களைக் கேள்வி கேளாமல் அள்ளிக்கொண்டு போன காலம். நேற்று ஒழுங்கைமுனைக் கடையில் ஒரு பெண் மகன் குகதாசனைப் பற்றித் துருவி விசாரித்திருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து கிழவருக்குச் சோறு இறங்கவில்லை.

“இவனுக்குப் பாமன்கடைப் பக்கம் ஒரு வீட்டில சாதகம் பொருந்தி, பெம்பிளையின்ர படத்துக்குக் காத்திருக்கிற நேரத்தில இவளொருத்தி. சீஐடிதான், வேற ஆர்?”

குகதாசன் கந்தோருக்கு வேலைக்குப் போய்ச் சற்று நேரத்தில் அவள் வந்தே விட்டாள். கையில் டேப் றெக்கோடர். கம்பசில் ஆராய்ச்சி செய்கிறாளாம்.

“ஐயா, இதில சரி பிழை இல்லை. உண்மை எண்டு ஒண்டு வெளியில கிடக்கிறேல்லை. ஆளாளுக்குத் தாங்களே கட்டிக்கொள்ளுறதுதான். அதால ஒவ்வொருத்தரையும் தனித்தனியாக் கேப்பன்.”

உண்மையே இல்லையென்கிற பொலிசை நமசிவாயம் அன்றைக்குத்தான் கண்டார்.

“மகன் எப்பிடி?”

“சரியான பயந்தாங்கொள்ளி, பிள்ளை. கந்தோர் விட்டா வீடு. பட்டாசு வெடிச்சாக் கட்டிலுக்குக் கீழ.”

“கோவம் வருமோ?”

“அவனுக்கோ? உப்பில்லாத கறியையும் பேசாமத் திண்டிட்டு எழும்புவான்.”

“தன்ர உடுப்பைத் தானே தோய்ப்பாரோ?”

இது சீஐடிக்கு என்னத்துக்கு? “ஓம், என்ர சாரத்தையும் சேர்த்து!” என்று ஒரே போடாய்ப் போட்டார்.

குசினியில் அடுப்படியில் நின்ற அன்னபாக்கியம் இன்னும் ஒரு படி மேலே போனாள். “கரப்பானைக் கண்டா என்னைத்தான் கூப்பிடுவான், பிள்ளை.”

பற்றிக் மாதாமேல் ஆணையிட்டான். “சந்தியில டயர் வெடிச்சா எங்கட அலுமாரிக்குள்ள ஏறிருவார், மிஸ். பிறகு என்ர மனுசி புளோறன்ஸ்தான் கெஞ்சி இறக்கணும்.”

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு றெக்கோடரை நிற்பாட்டினாள்.

“மூண்டு பேரும் நல்லாப் பொய் சொன்னீங்கள், ஐயா.”

 நமசிவாயம் கதிரையை விட்டு எழும்பி வாசலை மறித்தார்.

“பிள்ளை, அவனை விட்டிடு. என்னைக் கொண்டுபோ. எல்லாத்தையும் நான்தான் சொல்லிக் குடுத்தனான்.”

“சொன்னதை மட்டும் கேக்கிறதில்லை ஐயா எங்கட ஆராய்ச்சி. ஏன் அப்பிடிச் சொல்லுகினம் எண்டும் பாக்கவேணும். ஒருத்தருக்காக மூண்டு பேர் வெட்கத்தை விட்டு இவ்வளவு புளுகுறதெண்டா, அவர் லேசுப்பட்ட ஆளோ?”

கிழவர் ஒன்றும் விளங்காமல் விழித்தார். அவள் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

“பாமன்கடையில எங்கட வீட்டில நான் ஓம் எண்டு சொல்லுறன், நீங்கள் தாலிக்குப் பொன்னுருக்க நாள் பாருங்கோ, மாமா.”