பேங்க்குக்கு விழுந்த தண்டம்

“இந்தப் பதுளை டவுன்ல பேங்க்குக்கே தண்டம் போட்டவன் நான் ஒருத்தன்தான். மேனேஜரே ரோட்டத் தாண்டி வந்து, என் மேசையில காச எண்ணி வச்சிட்டுப் போனாரு.”

மஹ்ரூப் இதைச் சொல்லி வாயை மூடுமுன் திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி பலீலா பல்லைக் கடித்தாள். இந்தக் கதையை இன்று ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டாம் என்று விடிந்ததிலிருந்து புருஷனைக் கெஞ்சியிருந்தாள்.

மகள் லரீபாவைப் பேசி முடிக்க மொனராகலையிலிருந்து வந்திருந்தார் மாப்பிள்ளையின் வாப்பா ஜௌபர். அங்கே அரிசிக் கடை வைத்திருப்பவர். அந்தத் தாடிக்குள் பல் இருக்கிறதென்று கண்டவர் யாருமில்லை. சீதனம் கூடக் குறைய இருந்தாலும் பொறுப்பார், பொய் பேசுகிற வீட்டில் மட்டும் சம்பந்தம் வைக்கமாட்டார் என்று தரகர் மூன்று தடவை எச்சரித்திருந்தார். மஹ்ரூபோ, தூறலைச் சொல்ல வந்தால் இரண்டு பாலத்தையாவது அடித்துக்கொண்டு போகவிடுகிற ஆள்.

“பேங்க் தண்டம் போடும். கட்டாது,” என்றார் ஜௌபர்.

அது போதும் மஹ்ரூபுக்கு. கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

அறுபத்தெட்டாம் வருஷம். அவருடைய தேத்தண்ணிக் கடைக்கு நேர் எதிரே பேங்க். சீனி வாங்க எழுதிக் கொடுத்த செக், கணக்கில் கிடந்த காசைவிட இரண்டே இரண்டு ரூபா கூடிப்போயிற்று. பேங்க் செக்கைப் பாஸ் பண்ணியது. ஆனால் அனுமதியில்லாமல் ஓவர்டிராப்ட் எடுத்ததற்கென்று ஏழரை ரூபாவைக் கழித்துக்கொண்டது. இரண்டு ரூபாவுக்கு ஏழரை ரூபா தண்டம்! அன்று மஹ்ரூப் பேங்க்கில் போட்ட சத்தத்தில், நமுனுகுல மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்துக்கொண்டு இருந்தவர்கள் இடி முழங்குகிறதென்று கூடையோடு லயத்து வீடுகளுக்கு ஓடினார்களாம். மேனேஜர் அசையவில்லை. கேட்காமல் எடுத்தால் தண்டம், தொகை சின்னதோ பெரியதோ சட்டம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்.

கடைக்குத் திரும்பிய மஹ்ரூப் தேத்தண்ணிக் கணக்குக் கொப்பியைப் புரட்டினார். மாசம் பிறந்தால் பேங்க் முப்பது ரூபா முற்பணம் தரும். அது தீரும்வரை பேங்க் ஆட்களுக்குத் தேத்தண்ணி போகும். அந்த மாசம் முற்பணம் தீர்ந்த பிறகும், கேள்வி பார்வை இல்லாமல், பன்னிரண்டு பிளேன்டீ கூடுதலாகப் போயிருந்தது.

“விட்டுருவேனா? அனுமதியில்லாம பன்னெண்டு பிளேன்டீ ஓவர்டிராப்ட், தண்டம் ஏழர ரூபான்னு பில் எழுதினேன். தொகை சின்னதோ பெருசோ சட்டம் ஒண்ணுதான்னு அடியில ஒரு வரியும் போட்டேன். வட்டி நமக்கு ஹராம், ஹாஜியார். இது வட்டியில்ல, தண்டம்.”

பில்லுக்குப் பதில் வரவில்லை. மஹ்ரூப் தேத்தண்ணியை நிறுத்தினார். முதல் நாள் கிளார்க்மார் கொட்டாவி விட்டார்கள். இரண்டாம் நாள் கூட்டல் கணக்குப் பிழைத்தது. மூன்றாம் நாள் மேனேஜர் தன்னுடைய கையெழுத்தையே தன்னுடையது இல்லை என்று திருப்பி அனுப்பினாராம். நாலாம் நாள் அவர் ரோட்டைக் கடந்து வந்தபோது, பார்ப்பதற்கென்றே எல்ல ஊரிலிருந்து மட்டும் இரண்டு பஸ் ஆட்கள் வந்து இறங்கியதாக மஹ்ரூப் சத்தியம் பண்ணினார்.

பலீலா நெற்றியில் கை வைத்தாள். போன வருஷம் வரைக்கும் அது ஒரு பஸ்தான்.

ஜௌபர் சிரிக்கவில்லை. பொலிஸ்காரர் போல ஒவ்வொன்றாகக் கேட்டார். மேனேஜர் எத்தனை மணிக்கு வந்தார்? பத்தேகாலுக்கு. கூட யார் வந்தது? குடையும் அவரும்தான். நோட்டா, சில்லறையா?

“அஞ்சு ரூபா நோட்டு ஒண்ணு, ரெண்டு ரூபா நோட்டு ஒண்ணு, அம்பது சதக் குத்தி ஒண்ணு,” என்றார் மஹ்ரூப், நெஞ்சை நிமிர்த்தி.

“அந்தக் காச என்ன செஞ்சீங்க?”

மஹ்ரூபின் வாய் திறந்தபடியே நின்றது. முப்பது வருஷக் குடித்தனத்தில் பலீலா அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை.

“காசுதானே... செலவாப் போச்சி.”

“எதுக்கு?”

“அதெல்லாம் இப்ப எங்க ஞாபகம்,” என்று மஹ்ரூப் தலையைக் குனிந்துகொண்டு, விருந்தாளிக்கு இன்னொரு வட்டிலப்பம் கொண்டுவரும்படி உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

போயிற்று. பதினாலு வருஷத்துக்கு முந்திய அம்பது சதக் குத்தி ஞாபகமிருக்கிறது, செலவு ஞாபகமில்லை என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? பலீலாவுக்குக் கண் கலங்கியது. மகளின் வாழ்க்கை வாசலோடு திரும்பிப் போகிறது. இனிக் கூச்சம் பார்த்து ஆகாது என்று திரைக்குப் பின்னாலிருந்தே பேசினாள்.

“ஹாஜியார், இவரு பேச்சு கொஞ்சம் கூடத்தான். மனசுல கள்ளமில்ல. இந்தப் பேங்க்குக் கதைய நானே நம்புறதில்ல. இத வச்சி எங்க புள்ளைய வேணாம்னு சொல்லிராதீங்க.”

ஜௌபர் திரைப்பக்கம் திரும்பினார். தாடிக்குள் பல் தெரிந்தது.

“நடந்தது உண்மதான் மதினி. அப்ப அந்தப் பேங்க்குல இருந்து பன்னெண்டு பிளேன்டீக்கும் சொல்லி அனுப்பின கிளார்க்கு நான்தான். தாடியில்லாத காலம், அதுதான் மஹ்ரூப் நானாவுக்கு ஆள் தெரியல. அந்த ஏழர ரூபாவ மேனேஜர் என் சம்பளத்துல வெட்டினாரு. அது எப்பிடியோ இவரு காதுக்குப் போயி, மறுநாள் எனக்கு வந்த தேத்தண்ணிச் சோசருக்கு அடியில அதே ரெண்டு நோட்டும் குத்தியும் இருந்திச்சி. நானும் எத்தன கேள்வி கேட்டுப் பாத்துட்டேன், மனுசன் அத மட்டும் சொல்லமாட்டேங்கிறாரே!”