எட்டுப் பங்காக ஒரு சின்னக் கை

கல்லூரி ஆய்வகத்தின் நீலத் திரைச்சீலையில் பிற்பகல் வெயில் தண்ணீர்போல அசைகிறது. கேபிளால் இணைத்த எட்டுக் கணினிகள் ஒரே சுருதியில் முனகுகின்றன. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனைப் பங்கிட்டுக்கொண்டு, இங்கே வேலை பார்க்கும் மார்ட்டினின் ஒன்றரை வயது மகளுடைய வலது கையை அவை முப்பரிமாணப் படமாக வரைகின்றன. மோதிர விரலும் சுண்டுவிரலும் பிறவியிலேயே ஒட்டியவை. உள்ளே எலும்பும் ஒட்டியிருந்தால் பிரிப்பது கஷ்டம் என்றிருக்கிறார் டாக்டர். முதலில் உள்ளங்கை எலும்புகள் திரையில் வெள்ளையாக மிதந்து வருகின்றன, பிறகுதான் மணிக்கட்டு. விரல்கள் ஏழாவது கணினியின் பங்கு. அது இன்னும் முடிக்கவில்லை. “எட்டுப் பேரு சேந்தும் இவ்ளோ நேரமா? நம்ம கல்யாணத்துக்கு உங்க தம்பிங்க பந்தல் போட்ட மாதிரியில்ல இருக்கு!” என்கிறாள் மனைவி வெரோனிகா, தோளில் தூங்கும் குழந்தையைத் தட்டியபடி. சிரிக்க வைக்கத்தான் சொல்கிறாள், கண் திரையை விட்டு நகரவில்லை. “இரு வெரோ, இது ஒண்ணுதான் பாக்கி.” சொல்லும்போதே விரல்கள் மலர்கின்றன. ஒட்டிய இரண்டின் எலும்புகளுக்கு நடுவே, அடியிலிருந்து நுனிவரை, மெல்லிய இருட்டு ஓடுகிறது. “தனித்தனியாதான் இருக்கு,” என்கிறான் மார்ட்டின், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. வெரோனிகா குழந்தையின் கையை எடுத்து, தோலுக்கடியில் அந்த இருட்டு ஓடும் வழியை ஒற்றை விரலால் மெல்லத் தடவிப் பார்க்கிறாள்.